சந்துக்குள் கட்டிய அலமாரி

பாயை அளப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விரித்த பாய் யார் விரித்தாலும் ஒரே அளவுதான். சுருட்டிய பாய் அப்படியில்லை. அப்பா சுருட்டினால் நடுவில் பூனை புகுந்து படுத்துக்கொள்ளலாம். அம்மா சுருட்டினால் கரும்புக்கட்டு. தொண்ணூற்றொன்றாம் வருஷக் கோடை விடுமுறையில், பாலிடெக்னிக்கில் கட்டட வரைபடம் படித்துக்கொண்டிருந்த நான், எங்கள் வீட்டுப் பாய்கள் அத்தனையையும் இரண்டு பேரையும் சுருட்ட வைத்து அளந்தேன்.

"இன்னாடி இது, பாய்க்குச் சட்ட தைக்கப் போறியா?" என்றாள் அம்மா.

"அலமாரிக்கும்மா. எது எவ்ளோ எடம் புடிக்கும்னு தெரிஞ்சாதான் வரைய முடியும்."

"வரஞ்சிக்கினே இரு. மாட்டுக்குத் தண்ணி காட்டணும், அத்த யாரு வரைவாங்க?"

ஒரகடம் கூட்ரோட்டில் இறங்கி உள்ளே நடக்க வேண்டிய ஊர் எங்களுடையது. தினம் பஸ்ஸில் சிங்கப்பெருமாள் கோவில் வரை போய், அங்கிருந்து ரயிலேறிப் படிக்கப் போவேன். டிராயிங் போர்டைத் தூக்கிக்கொண்டு ஏறினால் கண்டக்டர், "கதவ எங்கம்மா எடுத்துக்கினு போற?" என்பார். எனக்கு அது வருத்தமாகவே இருந்ததில்லை. கையில் பலகை இருந்தால் உலகத்தையே திருத்தி வரைந்துவிடலாம் என்ற நினைப்பு. யார் வீட்டுக்குப் போனாலும் முதலில் என் கண் போவது சாமான் வைக்கும் இடத்துக்குத்தான். நூலகத்தில் ஒரு பத்திரிகையில், பட்டணத்து அடுக்குமாடி வீடு ஒன்றில் சுவரோடு சுவராகக் கட்டிய அலமாரியின் படம் பார்த்ததிலிருந்து இந்தப் பைத்தியம். சுவரையும் கூரையையும் எந்த மேஸ்திரியும் கட்டுவார். முறத்தையும் முறுக்கு அச்சையும் எங்கே வைப்பது என்று யோசிப்பவர்கள்தான் வீடு கட்டுகிறார்கள் என்று வகுப்பில் ஒருமுறை எழுந்து நின்று சொன்னேன். ஆசிரியர் உட்காரச் சொன்னார்.

ஆனால் இந்த அலமாரிக்கு வேறொரு காரணமும் இருந்தது. அதை நான் அம்மாவிடம் சொல்லவில்லை.

அந்தத் தை மாதம் அண்ணனுக்குக் கல்யாணம் ஆகியிருந்தது. அண்ணன் ஸ்ரீபெரும்புதூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் ஷிப்ட் வேலை. கல்யாணத்துக்காகப் பழைய ஓட்டு வீட்டுக்குப் பக்கத்திலேயே தளம் போட்ட அறை ஒன்றைக் கட்டினோம். அண்ணி வாலாஜாபாத். அவள் அப்பா அங்கே அரிசி மில்லில் வேலை செய்கிறவர். சீர் வரிசையில் ஒரு ஸ்டீல் பீரோ வந்தது. இலைப் பச்சை நிறம், கதவில் ஆளுயரக் கண்ணாடி, உள்ளே ஒரு சின்ன லாக்கர். மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பி, அதன்மேல் நிற்க வைத்துக் கயிறு கட்டிக் கொண்டுவந்தார்கள். அது ஊருக்குள் நுழைந்தபோது கண்ணாடியில் எங்கள் தெருவே பின்பக்கமாக நகர்ந்து போனது. நான் பார்த்த முதல் சினிமா மாதிரி இருந்தது.

பீரோ புது அறைக்குள் போனது. அதற்குப் பிறகு அதற்குள் எங்கள் வீடே போய்விட்டது.

முதலில் போனது நிலப் பத்திரம். பிறகு ரேஷன் கார்டு. பிறகு அப்பாவின் கரை வேட்டி, விதைக் கத்தரிப் பொட்டலம், வெல்லம், டார்ச் லைட், மணிலாக் கொட்டை, கற்பூரம், பெருங்காயம். அம்மாவைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் ஓட்டு வீட்டில் எலி ராஜ்யம். மரப்பெட்டியைக் கொறிக்கும், சாக்கைக் கொறிக்கும், ஒருமுறை அப்பா தூங்கும்போது அவர் கால் கட்டைவிரலையே ருசி பார்த்தது. எலி தொடாத ஒரே இடம் அந்த இரும்புப் பீரோ. அதனால் அதன் சாவி அம்மாவின் இடுப்புக் கொத்தில் ஏறியது. அண்ணியின் புடவைகள் ஒரே தட்டில் ஒடுங்கின. அவளுடைய கல்யாணப் பட்டில் பெருங்காய வாசனை.

இதைவிடப் பெரிய தொந்தரவு, பீரோ இருந்தது அவர்கள் அறையில். நைட் ஷிப்ட் முடிந்து வந்து அண்ணன் தூங்கிக்கொண்டிருப்பான். அப்பா வேட்டி எடுக்க வருவார். அண்ணி தலை துவட்டிக்கொண்டிருப்பாள். அம்மா பெருங்காயம் எடுக்க வருவாள். "நீ உன் வேலயப் பாரும்மா" என்று வேறு சொல்லிக்கொண்டே வருவாள்.

பங்குனியில் ஒருநாள் அண்ணி தன் சித்தி மகள் வளைகாப்புக்கு வாலாஜாபாத் போக வேண்டும். அம்மா சாவிக்கொத்தோடு கழனிக்குப் போய்விட்டாள். ஏரிக்கு அந்தப் பக்கம் கழனி. நான் ஓடிப் போய் வாங்கி வருவதற்குள் பஸ் போய்விட்டது. திரும்பி வந்து பார்த்தால், அண்ணி அவசரத்தில் கட்டியிருந்த உள்பாவாடையும் மேலே ஒரு துண்டுமாகப் பீரோவின் கண்ணாடிக்கு எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"அண்ணி, சாவி."

"வச்சிட்டுப் போ. பஸ்தான் போயிடுச்சே."

"அடுத்த பஸ்சு கீது."

அவள் சிரித்தாள். அவளுக்குக் கோபம் வந்தாலும் சிரிப்புதான் வரும். "எங்கப்பா வாங்கிக் குடுத்த பீரோ. அத்தத் தொறக்க நான் விருந்தாளி மேரி குந்தினு கீறேன், பாத்தியா?" என்றாள். உடனே என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அத்தையாண்ட சொல்லிடாத. மனசு கஷ்டப்படுவாங்க. நல்லவங்க அவங்க."

எனக்கு அண்ணி என்றால் உயிர். என் வரைபடத் தாள்களைச் சோற்றுப் பருக்கை வைத்து ஒட்டித் தந்தவள், ரெக்கார்டு எழுதும்போது கோடு போட்டுத் தந்தவள். அவளிடம் அந்தச் சாவியைச் சேர்ப்பது என்று அன்றைக்கே முடிவு செய்தேன். கேட்டு வாங்கக்கூடாது, சண்டை கூடாது. அம்மா தானாகவே பீரோவைக் காலி செய்ய வேண்டும். அதற்கு வீட்டுச் சாமானுக்கு எலி புகாத இன்னோர் இடம் வேண்டும். அவ்வளவுதான்! கணக்குப் போல எல்லாம் சரியாக வந்தது. அப்போது எனக்கு எல்லாமே கணக்குப் போலத்தான் வரும்.

இடத்தைக் கண்டுபிடித்தது என் வாழ்க்கையின் பெருமைகளில் ஒன்று. ஓட்டு வீட்டுக்கும் புது அறைக்கும் நடுவில் ஒரு சந்து இருந்தது. மூன்றடி அகலம். கூடத்திலிருந்து புது அறைக்குப் போக அதைக் கடக்க வேண்டும். கடக்கிற இடத்துக்கு மட்டும் மேலே ஷீட் போட்டிருந்தோம். மிச்சச் சந்தில் விறகு, உடைந்த ஓடு, தேள். அந்தக் கடக்கிற வழியை அடைக்காமல், அதை ஒட்டித் தெருப் பக்கம் இருக்கிற சந்தை மட்டும் அலமாரியாக்கினால்? இரண்டு பக்கச் சுவரும் ஏற்கெனவே நிற்கின்றன. பின்பக்கம் ஒரு சுவர், நடுவே கடப்பா கல் தட்டுகள், முன்னால் ஒரு கதவு. முடிந்தது.

எவ்வளவு ஆழம் வைப்பது என்பதற்காக மட்டும் பல தாள்களைக் கிழித்தேன். ஆழம் கூடினால் நிறைய வைக்கலாம் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அப்படியில்லை. கை போய்த் தொடாத இடத்தில் வைத்த பொருள் செத்த பொருள். தீபாவளிக்குத் தேடி, பொங்கலுக்குக் கிடைக்கும். அதனால் அம்மாவை நிற்க வைத்து, கையை நீட்டச் சொல்லி, அவள் விரல்நுனி வரைக்கும்தான் ஆழம் என்று முடிவு செய்தேன். உயரமும் அவள் உயரம்தான். இடது பக்கம் பாய்கள் நிற்பதற்கு நெட்டுக்குத்தாக ஓர் இடம். வலது பக்கம் தட்டுகள்: கண்ணுக்கு நேரே பத்திரமும் ரேஷன் கார்டும், இடுப்புக்கு நேரே மளிகை, அடியில் விதை, எல்லாவற்றுக்கும் மேலே வருஷத்துக்கு இரண்டு தடவை இறக்குகிற அண்டா. ஒவ்வொரு தட்டும் அதில் உட்காரப் போகிற சாமானின் அளவு. அண்ணியின் புடவைக்கு அதில் ஓர் அங்குலம்கூட நான் ஒதுக்கவில்லை. வேண்டுமென்றேதான்.

மேஸ்திரி எங்களுக்குச் சித்தப்பா முறை. படத்தை விரித்துக் காட்டினேன். தலைகீழாகப் பிடித்துப் பார்த்தார். எனக்காகத்தான் அப்படிப் பிடித்தார் என்று சிரிப்பிலேயே தெரிந்தது.

"இன்னா பாப்பா, அலமாரின்னு சொன்னாங்க. கலெக்டர் ஆபீஸ் மேரி கீது?"

"சித்தப்பா, தண்ணி எறங்கற எடம் மட்டும் கவனம். ஓட்டுத் தண்ணி மொத்தமும் இந்தச் சந்துலதான் கொட்டும்."

"அதுக்குத்தான் சாய்வா ஒரு தளம் வரஞ்சி கீறியே. அப்பால என்னா பயம்?" என்று சொல்லிவிட்டு, வரைந்தபடியே கட்டித் தந்தார். வேலை நடந்த நாளெல்லாம் நான் மட்டம் பார்க்கிற ரசமட்டத்தைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். "அத்த வச்சிட்டு சாப்புடு கண்ணு, சோறு ஒண்ணும் கோணலா இல்ல" என்று அப்பா கெஞ்சினார்.

கதவுக்கு அண்ணன் பலகை கொண்டுவந்தான். கம்பெனிக்கு வெளிநாட்டிலிருந்து மிஷின் வரும் பெட்டிகள் உண்டு. வெள்ளை மரம், வாசனையாக இருக்கும். பிரித்த பெட்டியை வேலை செய்கிறவர்களுக்குக் கம்பெனியிலேயே விற்பார்கள். எங்கள் பக்கத்தில் அப்போது பாதி வீட்டுக் கோழிக்கூண்டுகள் அந்த மரம்தான். எங்கள் கதவின் ஒரு பலகையில் குடைப் படமும், இன்னொன்றில் கண்ணாடிக் கோப்பைப் படமும், மேல்நோக்கி இரண்டு அம்புக்குறியும் அச்சடித்திருந்தன. இழைத்துவிடலாம் என்றான் அண்ணன். வேண்டாம் என்றுவிட்டேன். அழகாக இருந்தது. கதவின் அடிப்பக்கம் எலி கொறிக்காமல் தகரம் அடித்தோம்.

"எலி வராதுன்னு நீ சொன்னா ஆச்சா? எலி சொல்லணும்" என்றாள் அம்மா. ஒரு தட்டு நிறைய மணிலாக் கொட்டையை வறுத்து, வாசனை கமகமக்க உள்ளே வைத்துப் பூட்டினாள். காலையில் காபிகூடப் போடாமல் போய்த் திறந்தாள். நான் அவள் பின்னால் நின்றேன், பரீட்சை முடிவு பார்ப்பது போல. ஒரு கொட்டை நகரவில்லை. கதவுக்கு வெளியே மட்டும் தகரத்தில் கீறல்கள்.

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு போய், வீட்டில் எல்லோர் கையிலும் கொஞ்சம் கொட்டை வைத்தாள். அது அவள் தருகிற பட்டம்.

அடுத்த வெள்ளிக்கிழமை அலமாரிக்கு மஞ்சள் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். பிறகு புது அறைக்குள் போய்ப் பீரோவைத் திறந்தாள். நான் அண்ணியைப் பார்த்துக் கண்ணடித்தேன். அம்மா வெளியே வந்தாள். கையில் இருந்தது பத்திரமும் இல்லை, விதையும் இல்லை. அண்ணியின் கல்யாணப் பட்டு.

"வாம்மா. புது அலமாரி உனுக்குத்தான்" என்றாள் அம்மா. "பழச நாங்க வச்சிக்கினு சமாளிச்சிக்கறோம். மொதல்ல மருமவ சாமான்தான் போவணும் உள்ள."

பட்டை அவளே கொண்டுபோய் இடுப்புக்கு நேரான தட்டில், நான் புளிக்கும் மிளகாய்க்கும் அளந்து வைத்த இடத்தில் வைத்தாள். மற்றப் புடவைகள் விதைத் தட்டுக்குப் போயின. பாய் நிற்கிற நெட்டை இடத்தின் அடியில் அண்ணியின் பவுடர் டப்பா தனியாக, கிணற்றுக்குள் விழுந்த சொம்பு போல நின்றது. அலமாரிச் சாவியைத் தட்டில் வெற்றிலையோடு வைத்து அம்மா நீட்டினாள். அண்ணி குனிந்து கும்பிட்டு வாங்கிக்கொண்டாள். சிரித்துக்கொண்டுதான் இருந்தாள்.

"பாத்தியா எங்கம்மாவ!" என்று அண்ணன் பெருமையாகச் சொன்னான். அவனுக்கு ஒன்றும் தெரியாது. பாவம், கண்ணெல்லாம் கலங்கியிருந்தது.

இப்போது பீரோ முழுக்க எங்களுடையது. இருந்த ஒரு தட்டும் போச்சு. அண்ணி புடவை எடுக்க அறையை விட்டு வெளியே, எல்லோரும் நடக்கிற வழியில் வந்து நிற்க வேண்டும். அம்மா தெருவில் போகிற வருகிறவர்களை எல்லாம் கூட்டிவந்து, "என் பொண்ணு வரஞ்சா, என் மருமவளுக்குக் கட்டினேன்" என்று திறந்து காட்டினாள். அவர்கள் அண்ணியின் புடவைகளைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

நான் சுற்றி வளைத்துச் சொல்லிப் பார்த்தேன். "எம்மா, அது பாய் வைக்கிற எடம்."

"பாய் கூடத்துல கெடந்தா இன்னா, அதுக்கு மூச்சா முட்டுது?"

"அண்டாவ எங்க வைப்ப?"

"எங்க இருந்துச்சோ அங்கியே."

"பத்திரத்துக்குன்னே ஒரு தட்டு வரஞ்சேம்மா."

"பத்திரம் பீரோல கீது. நீ ஒழுங்கா உன் படிப்பப் பாரு."

கடைசியில் ஒருநாள் பொறுக்காமல், நேராகவே அம்மாவிடம் பேசிவிடுகிறேன் என்று கிளம்பினேன். அண்ணி துணி உலர்த்திக்கொண்டிருந்தவள், ஈரக் கையோடு என் பின்னலைப் பிடித்து நிறுத்தினாள்.

"இன்ஜினியரம்மா, குந்து. நீ சொன்னா நான் சொல்லச் சொன்ன மேரி ஆயிடும். அப்பால உங்கம்மா என் மூஞ்ச எப்டிப் பாப்பாங்க?"

"அப்ப சாவி?"

"பாக்கலாம்."

ஆடி பிறந்தது. புதுப்பெண்ணை ஆடிக்கு அழைத்துப் போக அவள் அப்பா வந்தார். வெயிலில் நடந்து வந்தவர், கையில் பலாப்பழம், பையில் அவல். அம்மாவுக்குக் கை கால் ஓடவில்லை. சம்பந்திக்கு மரியாதையாக ஒரு புது வேட்டி வைத்துக் கொடுக்க வேண்டும் என்று, அவர் புது அறையில் விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருக்கும்போதே பீரோவைத் திறந்தாள்.

நான் மோர்ச் சொம்போடு வாசலில் நின்றிருந்தேன். அவர் தலை நிமிர்ந்து பீரோவுக்குள் பார்த்தார். வெல்லம், டார்ச் லைட், உர ரசீதுகள், எங்கள் அப்பாவின் சட்டைகள். மேலிருந்து கீழே ஒவ்வொரு தட்டாகப் பார்த்தார். எதைத் தேடினார் என்று எனக்குத் தெரியும். கட்டிலோரம் நின்ற அண்ணிக்கும் தெரிந்தது. அவர் வேட்டியை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, கை கால் கழுவக் கிணற்றடிக்குப் போனார்.

அம்மா பீரோவைப் பூட்டப் போனாள். "அத்தே, பூட்டாதீங்க" என்றாள் அண்ணி.

"இன்னாம்மா?"

"வழியில எங்கப்பா கேப்பாரு. ஏன் கண்ணு, உன் பொடவ ஒண்ணுகூட அதுல இல்லியேன்னு. எனுக்குப் பொய் சொல்ல வராது." அவள் முகத்தில் அந்தச் சிரிப்பு இருந்தது. "எனுக்கு இந்தப் பீரோ வேணும் அத்தே."

"புதுசு குடுத்தேனேம்மா உனுக்கு? அதவிட நல்லதா?"

"நல்லதுதான். அத்த நீங்க வச்சிக்குங்க. எனுக்குப் புதுசு வேணாம், என்துதான் வேணும்."

எனக்கு மோர்ச் சொம்பை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அம்மா பீரோவைப் பார்த்தாள், அண்ணியைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்த பார்வையில் நான் வரைந்த அத்தனை தாளும் அவளுக்கு ஒரே நேரத்தில் புரிந்துவிட்டது என்று தெரிந்தது.

"ஏன்டி, இதுக்குத்தான் பாயெல்லாம் அளந்தியா?"

நான் சொம்பைத் தரையில் வைத்தேன்.

"வாயத் தொறந்து சொல்றதுக்கு ரெண்டு பேருக்கும் இன்னா? நான் இன்னா புலியா?" என்றாள். கொஞ்ச நேரம் கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "என் கல்யாணத்துல என் கூட வந்த பொட்டிய நான் யாராண்டையும் கேட்டதில்ல. கேக்கலாம்னே எனுக்குத் தோணல, போ" என்றாள், யாரிடமும் சொல்லாதது போல. பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள். "உங்கப்பா கிணத்தாண்டேர்ந்து வர்றதுக்குள்ள முடிக்கணும். எட்றீ!"

மூன்று பேரும் ஓடினோம். பீரோவிலிருந்து சந்துக்கு, சந்திலிருந்து பீரோவுக்கு. நான் எதிரே வருகிற அண்ணியின் கையில் இருப்பதை வாங்கி, "பத்திரம் கண்ணுக்கு நேரா, வெல்லம் கீழ, அது இல்லம்மா, விதை அடியில!" என்று கத்திக்கொண்டிருந்தேன். அம்மா, "நீ ஒருத்தி, எடத்த மட்டும் காட்டு, ஊரக் கூட்டாத" என்று அடக்கினாள். ஒவ்வொன்றும் தன் தட்டில் போய் உட்கார்ந்தது. பாய்கள் நிமிர்ந்து நின்றன. அண்டா மேலே ஏறியது. என் நெஞ்சு கொள்ளவில்லை.

சாவிதான் வரவில்லை. கொத்தின் வளையம் இறுகிப் போயிருந்தது. அம்மா நகத்தால் நெம்பினாள், பல்லால் கடித்தாள். கிணற்றடியில் வாளிச் சத்தம் நின்றது. கடைசியில் அண்ணி தன் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவிக் கொடுத்தாள்; அதை வளையத்துக்குள் விட்டு நெம்பியதும் சாவி கழன்று தரையில் விழுந்தது. அம்மா குனியவில்லை. அண்ணியே எடுத்துக்கொண்டாள்.

அவள் அப்பா துண்டால் முகத்தைத் துடைத்தபடி உள்ளே வந்தபோது, பீரோ இரண்டு கதவும் திறந்து கிடந்தது. மூன்று தட்டில் அவர் மகளின் புடவைகள். ஒரு தட்டு சும்மாவே இருந்தது. அவர் நின்றார். "மோர் குடு கண்ணு" என்றார் என்னிடம். ஒரே மூச்சில் குடித்தார்.

பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று அப்பா வாசலிலிருந்து குரல் கொடுத்தார். அண்ணி பீரோவை மூடப் போனாள். அப்போது அம்மா கூடத்திலிருந்து வந்தாள், பழைய வேட்டித் துணியில் சுற்றிய ஒரு பொட்டலத்தோடு. அவளிடம் இருந்த ஒரே பட்டுப்புடவை. அதை மார்போடு அணைத்துப் பிடித்துக்கொண்டு அறை வாசலுக்கு வெளியிலேயே நின்றாள். முதல்முறையாக.

"கல்லு மேல வச்சா ஈரம் ஏறுமோன்னு பயமா கீது. உன்துல ஒரு ஓரமா வைக்கலாமாம்மா?"

கடப்பா கல்லில் ஈரம் ஏறாது, சாய்வுத் தளமே அதற்காகத்தான் போட்டது என்று சொல்ல எனக்கு வாய் துடித்தது. அண்ணி என் காலை மிதித்தாள்.

அவள் பீரோவை மேலிருந்து கீழே ஒருமுறை பார்த்தாள், அவசரப்படாமல். தன் கல்யாணப் பட்டைக் கொஞ்சம் தள்ளி வைத்தாள்.

"உள்ள வாங்க அத்தே. இங்க வைங்க" என்றாள்.